பிப்ரவரியில் மட்டும் ஏன் முந்நூறு?

மும்பையில் மாதச் சம்பளம் வாங்குபவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அவருடைய பிப்ரவரி மாதச் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். தொழில் வரி என்ற இடத்தில் மற்ற மாதங்களில் 200 ரூபாய் இருக்கும். பிப்ரவரியில் மட்டும் 300. மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் 38 வருடம் வேலை பார்த்தவன் நான். கடைசிப் பல வருடங்கள் இதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் காரணம் கேட்டதில்லை. "இருப்பதிலேயே நாள் குறைந்த மாதத்தில் பிடித்தம் கூட" என்று கேண்டீனில் சிரித்துவிட்டுப் போய்விடுவோம்.

காரணம் நம் அரசியல் சட்டத்தில் இருக்கிறது. மாநில அரசோ உள்ளாட்சி அமைப்போ ஒருவர் செய்யும் தொழில், வேலை மீது வரி போடலாம். ஆனால் ஆண்டுக்கு ஒருவரிடம் 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 276-வது பிரிவு. முதலில் இந்த வரம்பு 250 ரூபாயாக இருந்தது. 1988-ல் 60-வது திருத்தத்தின் மூலம் பத்து மடங்காக்கினார்கள். பதினொரு மாதத்துக்கு 200 வீதம் 2,200. மிச்சம் 300 பிப்ரவரியில். அவ்வளவுதான் ரகசியம்.

மகாராஷ்டிரத்தில் இந்த வரி 1975-ல் வந்தது. அதற்கு ஒரு கதை உண்டு. 1972-ல் இங்கே கடும் வறட்சி. கிராமத்து ஜனங்களுக்கு வேலை கொடுத்தாக வேண்டும் என்று வேலை உறுதித் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். சட்ட மேலவைத் தலைவராக இருந்த வி. எஸ். பாகே அதற்குத் தந்தை என்று சொல்வார்கள். அந்தத் திட்டத்துக்குப் பணம் வேண்டுமே? நகரத்தில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்களிடமும் தொழில் செய்கிறவர்களிடமும் சிறு தொகை வாங்கினார்கள். 2005-ல் மத்திய அரசு நாடு முழுவதற்குமாகக் கொண்டு வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு இதுதான் முன்னோடி. பிடித்தம் பிடித்தம் என்று முணுமுணுத்த காலத்தில் இது தெரிந்திருந்தால் கொஞ்சம் குறைவாக முணுமுணுத்திருப்பேன்.

இத்தனையும் நான் தெரிந்துகொண்டது ஓய்வு பெற்ற பிறகு. அதுவும் ஆசையால் அல்ல, அடிபட்டு.

2019-ல் ஓய்வு பெற்றேன். 2021 ஜூனில் என் மாப்பிள்ளையும் நானும் கூட்டுச் சேர்ந்து அம்பர்நாத்தில் ஒரு ஷெட் வாடகைக்கு எடுத்து, பவர் பிரஸ் இரண்டும் டிரில்லிங் மெஷின் ஒன்றும் போட்டுத் தகட்டு வேலை ஆரம்பித்தோம். எட்டுப் பேர் வேலைக்கு. ஏழு பேர் முழு நேரம். பேக்கிங்குக்கு அரை நாள் வந்து போகிற ஒரு அம்மாள். ஏழு பேரில் மூன்று பேர் நம் ஊர்ப் பக்கம். வாழ்நாள் முழுதும் சம்பளம் வாங்கியவன் முதல் தடவையாகச் சம்பளம் கொடுப்பவனானேன். வாங்குகிறவனுக்குப் பிடித்தம் என்பது சீட்டில் ஒரு எண். கொடுக்கிறவனுக்கு அது சர்க்கார் பணம், நம் கையில் சில நாள் தங்கியிருக்கிறது என்ற வித்தியாசம் எனக்கு அப்போது புரியவில்லை.

முதல் தவறு, நம்மவர்களில் பலர் செய்யும் தவறு. தொழில் வரிக்கு இங்கே இரண்டு பதிவு உண்டு. ஒன்று பி.டி.இ.சி.; தொழில் நடத்துகிறவர் தன் சொந்த வரியைக் கட்டுவதற்கு. ஆண்டுக்கு 2,500. கூட்டு வியாபாரம் என்றால் பங்குதாரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. இன்னொன்று பி.டி.ஆர்.சி.; வேலைக்கு வைத்திருப்பவர்களின் சம்பளத்தில் பிடித்து நாம் கட்டுவதற்கு. மாப்பிள்ளை தனக்கும் எனக்கும் முதலாவதை எடுத்து, பணமும் கட்டிவிட்டார். "தொழில் வரி முடிஞ்சுது மாமா" என்றார். நானும் தலையாட்டினேன். இரண்டாவது ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

ஆணுக்கு மாதச் சம்பளம் 7,500 வரை வரி இல்லை. 10,000 வரை 175 ரூபாய். அதற்கு மேல் 200, பிப்ரவரியில் 300. பெண்களுக்கு 2023 ஏப்ரல் முதல் 25,000 ரூபாய் வரை வரியே கிடையாது. அதற்கு முன் 10,000 வரைதான் விலக்கு. வயது 65 முடிந்தவர்களுக்கும் விலக்கு உண்டு; எனக்கு 2024-ல் முடிந்தது, மாப்பிள்ளை மட்டும் கட்டுகிறார். மாற்றுத் திறனாளிகளுக்கும், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பெற்றோருக்கும் விலக்கு உண்டு. நம்மவர்களில் தெரியாமல் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

முக்கியமான விஷயம், தொழிலாளியிடம் பிடிக்க மறந்துவிட்டேன் என்று முதலாளி சொல்ல முடியாது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கட்ட வேண்டியவர் முதலாளிதான். எங்களுக்குப் பதினான்கு மாதப் பாக்கி. ஆளுக்கு 13 மாதம் 200 வீதம் 2,600, ஒரு பிப்ரவரிக்கு 300, ஆக 2,900. ஏழு பேருக்கு 20,300 ரூபாய். போன வருடத்து வரியை இந்த வருடச் சம்பளத்தில் எப்படிக் கேட்பது? எங்கள் கையிலிருந்துதான் போயிற்று. வட்டி தனி. பதிவு செய்யாத ஒவ்வொரு நாளுக்கும் ஐந்து ரூபாய் அபராதம் போடவும் இடம் உண்டு.

இந்தத் தொகையெல்லாம் வலிக்கும், ஆனால் ஆளைச் சாய்க்காது. இவ்வளவுதான் விஷயம் என்றால் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன்.

2022 ஆகஸ்டில், சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த பையன், வயது 22, பிரஸ்ஸில் வலது கை ஆள்காட்டி விரலைக் கொடுத்துவிட்டான். இரண்டு கணு போயிற்று. மெஷினுக்குக் கார்டு இருந்தது. வேலை சீக்கிரம் ஓடட்டும் என்று கழற்றி வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும். ரயில்வேயில் இருந்தபோது அப்படி ஒரு மெஷினை ஓட விட்டிருக்க மாட்டேன். என் சொந்த ஷெட்டில் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரிச் செலவு கொடுத்தோம். கையில் நாற்பதாயிரம் கொடுத்து, கை ஆறியதும் திரும்பி வா, வேலை இருக்கிறது என்று சொன்னோம். பத்துப் பேருக்குக் கீழே இருப்பதால் ஈ.எஸ்.ஐ. எங்களுக்குக் கிடையாது, ஆகவே சட்டமும் கிடையாது என்பது எங்கள் நினைப்பு. உண்மை அதற்கு நேர் எதிர். ஈ.எஸ்.ஐ.யில் பதிந்த தொழிலாளிக்கு அடிபட்டால் வைத்தியமும் இழப்பீடும் ஈ.எஸ்.ஐ. பார்த்துக்கொள்ளும். ஈ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் அந்தப் பொறுப்பு முழுவதும் முதலாளியின் தலையில். அதற்கு 1923-லிருந்தே சட்டம் இருந்தது. இப்போது அதே விதிகள் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. எட்டுப் பேர் என்பது எங்களுக்கு விலக்கு அல்ல, குடை இல்லாமல் மழையில் நிற்பது.

கணக்கை இன்ஜினியர் முறையில் சொல்கிறேன். நிரந்தர ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதம் எடுத்து, வயதுக்கென்று அட்டவணையில் உள்ள எண்ணால் பெருக்க வேண்டும். 22 வயதுக்கு அந்த எண் 221.37. வயது ஏற ஏற எண் குறையும். 40 வயதுக்கு 184.17. பிறகு எந்த உறுப்பு, எவ்வளவு போயிற்று என்பதற்கு ஒரு சதவீதம். கட்டைவிரல் முழுதும் என்றால் 30. ஆள்காட்டி விரல் முழுதும் 14, இரண்டு கணு 11, ஒரு கணு 9. மனிதனின் விரலை இப்படிக் கணுக் கணுவாக எண்ணி வைத்திருக்கிறார்கள். படிக்கும்போது என்னவோ செய்தது. ஆனால் எண்ணி வைக்காவிட்டால் நாங்கள் கொடுத்த நாற்பதாயிரத்தோடு அந்தப் பையன் கதை முடிந்திருக்கும்.

ஆக, எல்லாம் ஒரே ஒரு எண்ணில் வந்து நின்றது. அவன் சம்பளம் எவ்வளவு?

பேசிய சம்பளம் 14,000. கம்பெனிக் கணக்கிலிருந்து அவன் பேங்குக்குப் போனது 9,000. மீதி 5,000 ரூபாயை, "நான் செலவழிச்சிருவேன் சார், அம்மாவுக்கு நேரா அனுப்பிருங்க" என்று அவனே கேட்டதால், மாப்பிள்ளை தன் சொந்தக் கணக்கிலிருந்து ஊருக்கு அனுப்பி வந்தார். சம்பளப் பதிவேடு கிடையாது. சம்பளச் சீட்டு கிடையாது. தொழில் வரி ரிட்டர்ன் போட்டிருந்தால் ஏழு பேருக்கும் 200 ரூபாய் வகுப்பில் பிடித்தம் என்றாவது சர்க்காரில் ஒரு தடயம் இருந்திருக்கும், அதுவும் கிடையாது. கம்பெனிக் கணக்குப்படி அவன் ஒன்பதாயிரம் ரூபாய்ப் பையன்.

ஒன்பதாயிரத்துக்குக் கணக்குப் போட்டால் 1,31,494 ரூபாய் வரும். பதினாலாயிரத்துக்குப் போட்டால் 2,04,546. வித்தியாசம் 73,052 ரூபாய். அன்றைக்கு எங்களுக்கு அது ஒரு மெஷினின் தவணை.

மாப்பிள்ளை கெட்டவர் அல்ல. கடன் அவர் பேரில் இருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "புக்ஸ்ல ஒன்பதுதானே மாமா இருக்கு." மாப்பிள்ளையிடம் நான் முகம் கொடுத்து வாதாடுகிறவன் அல்ல. பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தது சம்மதம் போலத்தான் இருந்திருக்கும்.

மறுவாரம் பையனின் தாய்மாமன் வந்தார். தாராவியில் வேலை பார்ப்பவர். சண்டைக்கு வருவார் என்று நினைத்தோம். ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "அக்கா குடுத்து விட்டுச்சுங்க ஐயா. நீங்க அனுப்பின பணமெல்லாம் சரியா வந்துச்சான்னு உங்களுக்குக் கணக்கு வேணும்னா பாத்துக்கிடச் சொல்லிச்சு." பதினான்கு மாதம், பதினான்கு வரி. தேதி, ஐயாயிரம், 'முதலாளி அனுப்பியது' என்று பென்சிலில். எங்களைப் பிடிக்க எழுதியதல்ல அது. நன்றியாக எழுதியது.

ஒர்க்‌ஷாப்பில் நான் சேர்ந்த காலத்தில் சம்பளம் ரொக்கம். பே கிளார்க் பெட்டியோடு வந்து உட்காருவார். பக்கத்தில் சூப்பர்வைசர் நின்று, பணம் வாங்குகிறவன் இன்னார்தான் என்று பார்த்து ஷீட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எத்தனையோ மாதம் நான் போட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவன் தன் கம்பெனிக்கு வைக்காத பதிவேட்டை, ஊரிலிருந்த அந்த அம்மாள் வைத்திருந்தார்.

மாப்பிள்ளை நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பதினாலுக்கே போட்டுடலாம் மாமா" என்றார். 2,04,546 ரூபாய், ஆஸ்பத்திரிச் செலவு தனி. முதலில் கையில் கொடுத்த நாற்பதாயிரத்தை மாமனே ஒப்புக்கொண்டு கழித்துக்கொள்ளச் சொன்னார். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் எங்களிடம் ரசீது இல்லை. அன்றைய சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் செய்து இழப்பீட்டு ஆணையரிடம் பதிவும் செய்தோம். பதிவு செய்யாத சமரசத்தை நம்பக் கூடாது. பின்னால் முழுத் தொகைக்கும் பொறுப்பு வரும். ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தால் 12 சதவீத வட்டி, காரணமில்லாத தாமதத்துக்குத் தொகையில் பாதி வரை அபராதமும் போடலாம். இதற்கென்று இன்ஷூரன்ஸ் பாலிசி இருக்கிறது. அதை நாங்கள் வாங்கியது அதற்குப் பிறகு.

2023-ல் ஆள் பதினொன்று ஆனதும் ஈ.எஸ்.ஐ.யில் பதிந்தோம். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இது. முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. பதினாலாயிரத்துக்கு எங்கள் பங்கு 455 ரூபாய், அவன் பங்கு 105. மாதம் 560 ரூபாயில் அவனுக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம், எங்களுக்கு நிம்மதியான தூக்கம். ஒரு தடவை பதிந்த பிறகு ஆள் பத்துக்குக் கீழே போனாலும் விலக முடியாது. பத்துக்குக் கீழே உள்ளவர்களும் தொழிலாளிகளில் பெரும்பாலோர் சம்மதித்தால் தாமாகச் சேரலாம் என்று புதிய சட்டத்தில் வழி இருக்கிறது.

புதிய சட்டம் என்றேனே, 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. சிறு முதலாளிகள் பார்க்க வேண்டியது ஊதியத் தொகுப்பு. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள். வேலையை விட்டுப் போகிறவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கி. ஓவர்டைமுக்கு இரட்டிப்பு. பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. சம்பளச் சீட்டு கட்டாயம். எல்லாவற்றையும் விட, சம்பளம் குறைவாகக் கொடுத்தார் என்று தொழிலாளி புகார் செய்தால், சரியாகக் கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. பென்சில் நோட்டு அவரிடம் இருந்து, நம்மிடம் ஒன்றும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

"ஊர்ப் பையன், வீட்டோடு சாப்பாடு, பொங்கலுக்குப் போகும்போது மொத்தமாகக் கொடுத்துவிடுவேன்" என்று நம் மெஸ்காரர்களும் கடைக்காரர்களும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் சம்பளக் காலம் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வருடக் கடைசிக் கணக்கு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் சட்டத்தில் நிற்காது. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து அலவன்ஸாகக் காட்டுகிற பழைய வித்தையும் இனிச் செல்லாது. 14,000-ல் அடிப்படை 5,000, மற்றது 9,000 என்று பிரித்தாலும், பாதியைத் தாண்டிய அலவன்ஸ் திரும்பச் சம்பளத்தில் சேர்ந்து 7,000 ஆகிவிடும். பி.எஃப்., கிராச்சுவிட்டி எல்லாம் அதன் மேல்தான். தொழில் வரிக்கு இந்தப் பிரிவினை எதுவும் இல்லை, அது மொத்தச் சம்பளத்தின் மேல்.

ஐந்து பேரும் அதற்கு மேலும் வைத்திருந்தால் மகாராஷ்டிரத் தொழிலாளர் நல நிதி என்று ஒன்று. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஜூனிலும் டிசம்பரிலும், 2024 முதல் தொழிலாளி 25 ரூபாய், முதலாளி 75 ரூபாய். தொகை சிறிது என்பதாலேயே பலர் மறக்கிறார்கள்.

நாங்கள் முதலாளி இல்லை, ஃபிளாட்டில் இருக்கிறோம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஹவுசிங் சொசைட்டி வாட்ச்மேனை ஏஜென்சி மூலம் அல்லாமல் நேராக வைத்து 7,500-க்கு மேல் கொடுத்தால் சொசைட்டிதான் முதலாளி, பி.டி.ஆர்.சி. எடுத்து, பிடித்துக் கட்ட வேண்டும். சமையல்காரரை மாதச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் பஜனை சமாஜங்களுக்கும், மண்டபத்துக்குக் காவலாள் வைத்திருக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் இதே கதைதான். நம் செயலாளர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

வேறு மாநிலத்தில் கிளை வைத்திருப்பவர்கள் அந்த மாநிலத்துக் கணக்கைப் பார்க்க வேண்டும். கர்நாடகத்தில் 2023 ஏப்ரல் முதல் 25,000 ரூபாய்க்குக் கீழே தொழில் வரி இல்லை. 2025 முதல் அங்கேயும் பிப்ரவரிக்கு 300 ஆக்கியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சிதான் வாங்குகின்றன, ஆறு மாதத்துக்கு ஒரு முறை. டெல்லியில் இந்த வரியே கிடையாது.

இங்கே பதிவு, பணம் கட்டுவது, ரிட்டர்ன் எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில். முதல் வருடம் மாதா மாதம் ரிட்டர்ன். பிறகு ஆண்டு வரி ஒரு லட்சத்துக்குள் இருந்தால் மார்ச் 31-க்குள் வருடத்துக்கு ஒன்று. சொந்த வரியான பி.டி.இ.சி.க்கு ஜூன் 30. எங்கள் ஷெட்டில் இப்போது ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதி நான் உட்கார்ந்து பதிவேட்டை எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் மாப்பிள்ளை ஏற்றினாலும் நோட்டில் நான் எழுதுவேன். 7-ம் தேதிக்குள் சம்பளமும் சீட்டும். அந்தப் பையன் 2023 தை கழிந்து திரும்பி வந்தான். பிரஸ்ஸில் நிற்க மாட்டேன் என்றான், ஸ்டோரில் போட்டிருக்கிறோம். அவன் அம்மாவுக்குப் போகும் ஐந்தாயிரம் இப்போதும் போகிறது, அவன் கணக்கில் முழுச் சம்பளமும் விழுந்த பிறகு அவனே அனுப்புகிறான். பள்ளிக்கூட நோட்டை மாமன் அன்றைக்கே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.